நகரும் நாற்காலி

பிரையண்ட் பூங்கா என்றதும் நம்மில் பலருக்குக் கொடைக்கானல்தான் ஞாபகத்துக்கு வரும். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய், ரோஜாச் செடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற இடம். ஒரு வன அதிகாரியின் பெயரைத் தாங்கியது அது. நான் எழுதப் போவது அதே பெயருள்ள இன்னொரு பூங்காவைப் பற்றி. அது நியூயார்க் நகரத்தின் நட்ட நடுவில், 40-வது வீதிக்கும் 42-வது வீதிக்கும் இடையில், அந்த நகரத்தின் பெரிய பொது நூலகத்துக்குப் பின்புறத்தில் இருக்கிறது. நூலகத்தையும் சேர்த்தால் சுமார் 9.6 ஏக்கர். வில்லியம் கல்லன் பிரையண்ட் என்ற கவிஞரின் பெயரை 1884-ல் அதற்குச் சூட்டினார்கள். கவிஞரின் பெயர் வைத்த அந்த இடம் 1970-களில் போதைப் பொருள் விற்பவர்களின் கடைத்தெருவாக மாறியது. பட்டப்பகலிலேயே உள்ளே போக ஜனங்கள் பயந்தார்கள். இன்று அதே இடத்தில் மத்தியான வேளையில் நாற்காலி கிடைப்பது கஷ்டம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. 'சிறிய நகர வெளிகளின் சமூக வாழ்க்கை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆசிரியர் வில்லியம் எச். ஒயிட். பிரசுரமான வருஷம் 1980. அதே பெயரில் அவரே பேசி விளக்குகிற ஒரு படமும் உண்டு. தலைப்பைப் பார்த்துவிட்டு, இது ஏதோ நகரசபை என்ஜினீயர்களுக்கான சமாசாரம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்றும் சிலர் கேட்கலாம். எனக்குப் பதில் உண்டு. மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்படி உட்காருகிறார்கள், யாரைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று கவனித்து எழுதுவதுதான் என் தொழிலும். அந்தத் தொழிலை என்னைவிட நன்றாகச் செய்த ஒருவரின் புத்தகம் இது. அதனால் படித்தேன். படித்த பிறகு ஒரு குறையும் மனசில் நின்றது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த நிலத்தின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். 1823-லிருந்து 1840 வரை அது அநாதைப் பிணங்களைப் புதைக்கிற இடுகாடு. பிறகு அதன் கிழக்குப் பாதியில் நகரத்துக்குக் குடிதண்ணீர் தேக்கி வைக்கும் குரோட்டன் நீர்த்தேக்கம் எழுந்தது. 1842-ல் தண்ணீர் வந்தது. எகிப்தியக் கோவில் மாதிரி கனத்த சுவர்கள். அந்தச் சுவர்களின் மேல் ஜனங்கள் மாலையில் உலாவுவார்கள். 1853-ல் மேற்குப் பாதியில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பளிங்கு மாளிகை கட்டிப் பெரிய பொருட்காட்சி நடத்தினார்கள். எலிஷா ஓடிஸ் என்பவர் 1854-ல், கயிறு அறுந்தாலும் கீழே விழாத தம்முடைய மின்தூக்கியின் மூதாதையை ஜனங்களுக்கு முன்னால் ஏறிக் காட்டியது அங்கேதான். 1858-ல் மாளிகை தீப்பிடித்து எரிந்து போயிற்று. நீர்த்தேக்கத்தையும் பின்னால் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நூலகம் 1911-ல் திறக்கப்பட்டது. நூலகத்தின் முதுகுப் பக்கம் பூங்கா என்று ஆயிற்று.

முதுகுப் பக்கம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பாதி விஷயம் அதிலேயே அடங்கியிருக்கிறது. மேற்கே ஆறாவது அவென்யூவில், தலைக்கு மேல் இரும்புத் தூண்களின் மீது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்க ரயில் வேலை நடந்தபோது அந்த மண்ணையும் கல்லையும் பூங்காவில் கொட்டினார்கள். 1930-களின் ஆரம்பத்தில், பெரிய பொருளாதார மந்தத்தின் நடுவில், அது யாருக்கும் வேண்டாத இடமாகக் கிடந்தது.

அப்போது அதைப் புதுப்பிக்க ஒரு போட்டி வைத்தார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த கட்டடக் கலைஞர்களுக்கான போட்டி அது. லஸ்பி சிம்ப்ஸன் என்பவரின் திட்டம் ஜயித்தது. நகரத்தின் பூங்காக்களுக்கெல்லாம் அதிகாரியாக வந்த ராபர்ட் மோஸஸ் 1934-ல் அதை நிறைவேற்றி முடித்தார். நடுவில் செவ்வகமான பெரிய புல்வெளி, இரண்டு பக்கமும் வரிசை பிசகாத மரங்கள், கல் கைப்பிடிச் சுவர்கள் என்று பிரெஞ்சுத் தோட்டங்களின் பாணியில் அமைந்தது. வரைபடத்தில் பார்த்தால் குறை சொல்லவே முடியாது. ஆனால் ஆறாவது அவென்யூ ரயிலின் இரைச்சலிலிருந்தும் வீதியின் அமளியிலிருந்தும் பூங்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், அதைத் தெரு மட்டத்துக்குச் சுமார் 4 அடி உயர்த்தினார்கள். சுற்றிலும் இரும்பு வேலி போட்டார்கள். வேலிக்குப் பக்கத்தில் செடிகளை அடர்த்தியாக வளர்த்தார்கள். உள்ளே போக ஒடுக்கமான சில படிக்கட்டுகள்தான் வழி.

அந்த ரயில் பாதையை 1938-39-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். இரைச்சல் போன பிறகும் வேலி நின்றது. ஒரு வியாதிக்காகக் கொடுத்த பத்தியத்தை, வியாதி போன பிறகு நாற்பது வருஷம் விடாமல் சாப்பிட்ட மாதிரிதான். தெருவில் போகிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே போனவனுக்கு வெளியே வருகிற வழி சட்டென்று கண்ணில் படாது. தனியாக வருகிற ஒரு பெண் இரண்டு படி ஏறிப் பார்ப்பாள். மனசுக்குச் சரிப்படாது. திரும்பிவிடுவாள். மறைந்து நின்று வியாபாரம் செய்ய விரும்புகிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் வேறு எது? செடிவேலியும் சுவரும் அவனுக்காகவே கட்டிக் கொடுத்தது போல ஆயிற்று. 1974-ல் அந்தப் பூங்காவை வடிவழகுக்காகப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நகரம் அறிவித்தது. அறிவித்த காலத்தில் அதற்குள் நடந்துகொண்டிருந்தது போதைப் பொருள் வியாபாரம்.

இந்த இடத்தில் ஒயிட் வருகிறார். அவர் நகர அமைப்புப் படிப்புப் படித்தவரல்ல, பத்திரிகைக்காரர். 'ஃபார்ச்சூன்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். 1956-ல் அவர் எழுதிய 'நிறுவன மனிதன்' என்ற புத்தகம், பெரிய கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கிறவன் எப்படித் தன் சொந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பெனியின் முகத்தை மாட்டிக்கொள்கிறான் என்று சொல்லிப் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள் நகரங்களைப் பற்றி முதலில் உரக்கப் பேசிய கட்டுரையை 1958-ல் அந்தப் பத்திரிகையில் வரச் செய்தவரும் இவர்தான். தலைவலி பிடித்த தத்துவங்களில் இவருக்கு நம்பிக்கை கிடையாது. போய்ப் பார், பார்த்ததை எண்ணு, எண்ணியதை எழுது. அவ்வளவுதான் இவருடைய சித்தாந்தம்.

அவர் பார்க்கப் போன காரணமும் சுவாரசியமானது. 1961-ல் நியூயார்க்கில் ஒரு கட்டட விதி வந்தது. கட்டடத்துக்கு முன்னால் பொது ஜனங்களுக்காகத் திறந்த முற்றம் விட்டால், அதற்குப் பதிலாக மேலே அதிகப்படி மாடி கட்டிக்கொள்ளலாம். கட்டுகிறவர்கள் சந்தோஷமாக முற்றம் விட்டார்கள். ஆனால் அநேக முற்றங்களில் ஈ காக்கை கிடையாது. மாடியால் வந்த லாபம் அவர்களுக்கு. வெறும் தரை ஊருக்கு. சில முற்றங்கள் மட்டும் ஜேஜே என்று இருந்தன. ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க, ஒயிட் சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1970-களில் தெருவுக்கு வந்தார். கூரைகளின் மேல் காமிராக்களை வைத்தார். நோட்டுப் புத்தகமும் கையுமாக மூலையில் நின்றார். நாள் முழுக்க எண்ணினார்.

அவர் கண்டுபிடித்தவற்றில் முதலாவதைக் கேட்டால் சிரிப்பு வரும். உட்கார இடம் இருந்தால் ஜனங்கள் உட்காருகிறார்கள் என்பதுதான் அது. இதற்கு மூன்று வருஷம் ஆராய்ச்சியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அத்தனை பெரிய கட்டடங்களைக் கட்டியவர்கள் இதை மறந்திருந்தார்களே! சூரிய வெளிச்சம்தான் முக்கியம் என்றார்கள் சிலர்; முற்றத்தின் வடிவம் முக்கியம் என்றார்கள் சிலர்; பரப்பளவு என்றார்கள் வேறு சிலர். ஒயிட் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குப் போட்டுத் தள்ளிவிட்டு, கடைசியில் மனிதனின் பின்புறத்துக்கு வந்து சேருகிறார். ஓர் அடியிலிருந்து மூன்று அடி உயரம் வரை இருக்கும் எந்தத் திட்டிலும் மனிதன் உட்காருவான் என்கிறார். முப்பது சதுர அடி முற்றத்துக்கு ஓர் அடி நீளம் உட்காரும் இடம் என்று 1975-ல் நகர விதியிலேயே ஏற்றிவிட்டார்கள். திண்ணை கட்டிய நம் தாத்தாக்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் வெற்றிலையை மென்றபடி தலையை ஆட்டியிருப்பார்கள்.

இரண்டாவது, பேச்சு. ஒயிட்டும் அவர் கூட்டாளிகளும் ஒன்றை எதிர்பார்த்தார்கள். வழியில் சந்தித்துக்கொள்கிற சிநேகிதர்கள் பேசுவதற்குச் சற்று ஓரமாக ஒதுங்குவார்கள் என்பதே அது. காமிரா வேறு விதமாகச் சொல்லிற்று. ஜன ஓட்டத்தின் நட்ட நடுவில்தான் நின்று பேசுகிறார்கள். இடிபடுவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மனிதன் கூட்டத்தை வெறுக்கிறான் என்று வாயால் சொல்கிறான்; கால்களோ கூட்டத்தை நோக்கிப் போகின்றன. ஜனங்களை இழுப்பது ஜனங்கள்தான் என்ற முடிவுக்கு வருகிறார் அவர். நம் தேர்த் திருவிழாவில் இதை நிரூபிக்கக் காமிரா வேண்டியதில்லை.

மூன்றாவது கண்டுபிடிப்புக்காகவே நான் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நகர்த்தக்கூடிய நாற்காலி. ஒருவன் வருகிறான். காலியாக ஒரு நாற்காலி கிடக்கிறது. உட்காருவதற்கு முன்னால் அதை இரண்டங்குலம் இப்படி நகர்த்துகிறான். பிறகு ஓர் அங்குலம் அப்படி. வெயிலும் மாறவில்லை, நிழலும் மாறவில்லை. பல சமயம் நாற்காலி புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. அப்புறம்தான் உட்காருகிறான். ஏன்? அந்த ஒரு நொடியில் அந்த இடம் அவனுடையதாகிறது. பக்கத்தில் இருக்கிற அந்நியரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமலே, 'உங்களுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன்' என்று சொல்லியும் விடுகிறான். தரையில் பதித்த சிமெண்டு பெஞ்சு இந்த உரிமையை அவனுக்குக் கொடுப்பதில்லை. யாரோ வரைபடத்தில் தீர்மானித்த திசையில்தான் அவன் பார்த்தாக வேண்டும்.

ஒரு நாவலாசிரியன் இந்த மாதிரி ஒரு சைகையைக் கண்டுபிடித்தால் அதைக் கதையின் நடுவில் வைத்துப் பூஜை செய்வான். ஒயிட் அதைச் சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். எடுத்துக்கொண்ட விஷயத்தைவிடத் தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத அந்தக் குணம்தான் புத்தகத்தின் பெரிய பலம்.

இன்னொரு கணக்கும் அவருடையது. ஓர் இடம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அங்கே பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார் என்கிறார். உட்காருகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெண்கள் ஆண்களைவிட நுட்பமானவர்கள். அசௌகரியத்தையும் ஆபத்தையும் முதலில் உணருகிறவர்கள். பெண்கள் குறைந்தால் ஏதோ கோளாறு. பிரையண்ட் பூங்காவை அவர் பார்த்தபோது அங்கே ஆண்களே மிகுந்திருந்தார்கள். வேறு புள்ளிவிவரம் அவருக்குத் தேவைப்படவில்லை.

1979-ல், ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியின் பொருட்டு, அந்தப் பூங்காவைப் பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். போலீஸை அதிகப்படுத்து என்று சொல்வார் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். வேலியை எடு, செடிகளை வெட்டு, வழிகளை அகலமாக்கு, தெருவிலிருந்து உள்ளே தெரியட்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். தீயவர்கள் பூங்காவைப் பிடித்துக்கொண்டதால் மற்றவர்கள் போய்விட்டார்கள் என்று ஊர் நினைத்தது. மற்றவர்கள் வர வழியில்லாததால் தீயவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று அவர் கண்டார். காரணத்தையும் காரியத்தையும் இப்படி இடம் மாற்றி வைத்துப் பார்த்ததில்தான் எல்லாம் இருக்கிறது.

1980-ல் டான் பீடர்மன் என்பவர் முன்னின்று, பூங்காவைப் புதுப்பிக்க ஒரு தனி அமைப்பு ஏற்பட்டது. காரியம் சுலபத்தில் நடக்கவில்லை. 1988-ல்தான் பூங்காவை மூடி வேலை ஆரம்பித்தார்கள். நாலு வருஷம் கழித்து 1992-ல் திறந்தார்கள். லாரி ஆலினின் நிறுவனம் அமைப்பைத் திருத்தியது. மோஸஸ் காலத்துப் புல்வெளியையும் மர வரிசைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைச் சிறை வைத்திருந்தவற்றை மட்டும் எடுத்தார்கள். இரும்பு வேலி போயிற்று. புது வழிகள் திறந்தன. பழைய படிக்கட்டுகள் அகன்றன. லின்டன் மில்லர் என்ற அம்மாள் புல்வெளியின் இரு பக்கமும் நீளப் பூம்பாத்திகள் போட்டார். பல வருஷங்கள் பூட்டிக் கிடந்த பொதுக் கழிப்பறையைச் சுத்தம் செய்து, அதற்குள்ளும் பூ ஜாடி வைத்தார்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு பூங்காவில் பெண்களும் கிழவர்களும் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதை முடிவு செய்வது பூவா, கழிப்பறையா என்று குடும்பத்தோடு வெளியே போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பூமிக்கு அடியில் இன்னொரு வேலை நடந்தது. நூலகத்தில் புத்தகம் வைக்க இடம் போதவில்லை. அதனால் புல்வெளியைத் தோண்டி, அதன் கீழே புத்தகக் கிடங்கு கட்டி, நூலகத்தோடு சுரங்க வழியால் இணைத்தார்கள். அதன் மேல் மறுபடியும் மண் போட்டுப் புல் வளர்த்தார்கள். ஜனங்கள் சாய்ந்து கிடக்கிற புல்லுக்குக் கீழே புத்தகங்கள் இருக்கின்றன. இடுகாடாக ஆரம்பித்த நிலத்துக்கு இது நல்ல கதிதான்.

நாற்காலிகளும் வந்தன. பச்சை வர்ணம் அடித்த, மடக்கக்கூடிய, இலேசான நாற்காலிகள். சங்கிலி கிடையாது. நியூயார்க்கில், அதுவும் அந்தப் பூங்காவில், சங்கிலி இல்லாத நாற்காலியா, ஒரு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது என்றார்கள் அனுபவசாலிகள். மிஞ்சியது. களவு போனவை சொற்பம். இன்று ஆயிரக்கணக்கான நாற்காலிகள் அங்கே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இத்தோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் சுபமான முடிவு. பத்திரிகைத் தொடர்கதைகளில் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் நடப்பது போல. ஆனால் என் தொழில் என்னை விடவில்லை. ஒரு பாத்திரத்தை மேடையிலிருந்து இறக்கிவிட்டால், அவன் எங்கே போனான் என்று வாசகர் கேட்பார். ஆசிரியன் பதில் சொல்லியாக வேண்டும். 1970-களில் அந்தப் பூங்காவில் இருந்தவர்கள் எல்லோருமே போதைப் பொருள் விற்றவர்கள் அல்லவே? வீடில்லாதவன், வேலை போனவன், குடித்துவிட்டுக் கிடந்தவன், போக்கிடம் இல்லாமல் பெஞ்சில் பகலைக் கழித்தவன், எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் எங்கே?

ஒயிட்டின் புத்தகத்தில் 'வேண்டாதவர்கள்' என்ற பிரச்னை வருகிறது. அவர் அதைக் கையாளும் விதம் பெரும்பாலும் நியாயமானது. கடைக்காரர்களும் கட்டடச் சொந்தக்காரர்களும் அந்தச் சொல்லில் கிழவர்களையும் வாலிபர்களையும் தெருப் பாட்டுக்காரர்களையும் கூடச் சேர்த்துவிடுகிறார்கள் என்று கேலி செய்கிறார். அவர்களுக்குப் பயந்து திட்டுகளில் இரும்பு முள் பதிப்பதையும், பெஞ்சை அகற்றுவதையும் அவர் வெறுக்கிறார். சந்தேகத்தோடு கட்டிய இடத்தில் சந்தேகப்பட்டதே நடக்கும் என்பது அவர் கட்சி. எல்லோருக்கும் பிடித்த இடமாக ஆக்கிவிட்டால் வேண்டாதவர்கள் ஒரு பிரச்னையாகவே இருக்க மாட்டார்கள் என்கிறார். இருக்க மாட்டார்கள் என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடுவார்கள் என்பது ஒன்று. எழுந்து போய்விடுவார்கள் என்பது மற்றது. எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று புத்தகம் கடைசி வரை தெளிவாக்கவில்லை. பூங்காவைப் புதுப்பித்தவர்கள் தங்களுக்குச் சௌகரியமான அர்த்தத்தை எடுத்துக்கொள்ள அது இடம் கொடுத்துவிட்டது.

இந்தக் குறை அவருடைய முறையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காமிரா கூரையின் மேல் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தலைகள் தெரியும், எண்ணலாம். யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறிக்கலாம். ஆனால் சாயங்காலம் அவர்கள் எழுந்து போகும்போது சட்டத்தின் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு வீடு இருக்கிறது, கவலையில்லை. வீடில்லாத ஒருவனை மட்டும் காமிரா பின்தொடர்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு புள்ளியாக வந்தான். ஒரு புள்ளி குறைந்தது.

இந்தக் கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து கேட்டவர் ஷாரன் ஜூகின் என்ற சமூகவியல் பேராசிரியை. 1995-ல் வெளிவந்த 'நகரங்களின் பண்பாடுகள்' என்ற நூலில் பிரையண்ட் பூங்காவை எடுத்துக்கொண்டு விமரிசித்தார். பூங்கா பொதுச் சொத்து. அதை நடத்துவதோ சுற்றியுள்ள கட்டடச் சொந்தக்காரர்கள் கொடுக்கும் தொகையையும் மற்ற வரும்படியையும் கொண்டு இயங்குகிற தனி அமைப்பு. அப்படியானால் அங்கே யார் இருக்கலாம், எப்படி இருக்கலாம் என்ற விதியை எழுதுவது யார்? இது வெறும் வாதமில்லை. 1993-லிருந்து 2010 வரை, நாகரிக உடை அலங்காரக் காட்சிகளுக்காக அந்தப் புல்வெளியில் பெரிய கூடாரங்கள் அடித்தார்கள். அழைப்பிதழ் இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. குளிர்காலத்தில் சந்தையும் பனிச்சறுக்குத் தளமும் அதன் மேல் உட்காருகின்றன. நகரத்தின் வரிப் பணத்தைக் கேட்காமல் பூங்காவை நடத்துவதற்கு இவையெல்லாம் வேண்டியிருக்கின்றன என்பது அவர்கள் பதில். பதிலில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. பணமில்லாமல் நகரம் அதைக் கைவிட்ட காலத்தில் அது எப்படி இருந்தது என்று பார்த்தோமே. ஆனால் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

என்னுடைய தீர்ப்பு எந்தப் பக்கம்? இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். பழைய பூங்காவுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. வேலிக்குள் மறைந்த அந்தப் பூங்கா ஏழைகளுக்கும் சுதந்திரம் கொடுக்கவில்லை. அவர்களில் பலவீனமானவர்களே அங்கே அதிகமாக அடிபட்டிருப்பார்கள். இன்றைய பூங்காவில் காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம். இரண்டு பக்கமும் மாடிகளின் வாடகை மேகத்தைத் தொடுகிற ஓர் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. ஒயிட் ஜயித்தார் என்றே சொல்வேன். அவருடைய புத்தகத்தில் ஓர் அத்தியாயம் குறைகிறது என்றும் சொல்வேன்.

குறைகிற அந்த அத்தியாயத்துக்கு அந்தப் பூங்காவின் சரித்திரத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1935-ல், பொருளாதார மந்தத்தின் நடுவில், நூலகத்தார் அந்த மரங்களின் அடியில் ஒரு திறந்தவெளி வாசகசாலை தொடங்கினார்கள். வேலை இழந்தவர்களுக்காக. அங்கத்தினர் சீட்டு வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், விலாசம் கூடச் சொல்ல வேண்டாம். வந்து கேட்டவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். விலாசம் இல்லாதவன் எந்த விலாசத்தைச் சொல்வான் என்று யாரோ ஒரு நல்ல மனுஷன் யோசித்திருக்கிறான்! இரண்டாவது மகாயுத்த காலத்தில் அது நின்று போயிற்று. 2003-ல் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். வேலி, படிக்கட்டு, பூம்பாத்தி எல்லாவற்றையும்விட, புல்வெளிக்குக் கீழே இருக்கும் புத்தகக் கிடங்கையும்விட, விலாசம் கேட்காத அந்த வழக்கம்தான் ஒரு இடத்தைப் பொது இடமாக்குகிறது என்று நான் நினைக்கிறேன். ஒயிட் அதை எண்ணிப் பார்த்திருந்தால் எந்தக் கணக்கில் சேர்த்திருப்பாரோ!

நம் ஊர் விஷயத்துக்கு ஒரு வார்த்தை. நடுப்பகலில் பூட்டுத் தொங்கும் பூங்காக்களை நாம் பார்த்திருக்கிறோம். என்ன என்ன செய்யக் கூடாது என்ற பலகை, வாசலில் மரத்தைவிட உயரமாக நிற்கும். பெஞ்சின் முதுகில் அதை நன்கொடையாகக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் பட்டமும் இருக்கும். உட்காருகிறவர் சட்டையில் அவர் பெயர் பதியாதது ஒன்றுதான் பாக்கி. புதுப்பிக்கிறோம் என்று புறப்படுகிற நகரசபைகள் முதலில் செய்வது சுவரை உயர்த்தி வர்ணம் அடிப்பது. அவர்கள் இந்தப் புத்தகத்தில் வேலியைப் பற்றிய பக்கங்களைப் படித்தாலே போதும். படமாவது பார்க்கட்டும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாற்காலி போட்டால் காணாமல் போய்விடும் என்று அவர்களும் சொல்வார்கள். நியூயார்க்கிலும் அப்படித்தான் சொன்னார்கள் என்று நாம் பதில் சொல்லலாம்.

நாவல் படிக்கிறவர்களுக்கும் இந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறேன். இதில் கதாநாயகன் கிடையாது, கதை கிடையாது. ஆனால் தெருமுனையில் இரண்டு பேர் விடை பெற்றுக்கொள்ளப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வதை இவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதியவர்கள் நாவலாசிரியர்களிலேயே அதிகம் பேர் இல்லை. படித்துவிட்டு உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு ஒரு மாலை போய் உட்காருங்கள். பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு, சாயங்காலம் மணி அடித்துக் காவல்காரர் எல்லோரையும் வெளியேற்றும்போது, கடைசியாக எழுந்து போகிற மனிதர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்றும் பாருங்கள். ஒயிட் எழுதாமல் விட்ட அத்தியாயம் அங்கே ஆரம்பிக்கிறது.